சிறு நிதிதான் இருக்கிறது: பன்மொழி டொமைன் பெயர்களுக்கு எதில் முதலில் போடுவது?

குறில்நெடில் (கேள்வி):

வணக்கம். மொழிக் கணிமைக்காகச் சேர்ந்த ஒரு சின்ன தன்னார்வக் குழுவில் கணக்குவழக்கு பார்ப்பவன் நான். கொஞ்சம் நிரல் தெரியும், பிழைப்பு அதுவல்ல. இந்த முறை வந்த நன்கொடையைப் பன்மொழி டொமைன் பெயர்களைப் (தமிழ் போன்ற எழுத்துகளிலேயே அமையும் தள முகவரிகளை) பரப்பச் செலவிடுவது என்று முடிவாகிவிட்டது. எதில் போடுவது என்பதில்தான் மூன்று வாரமாக இழுபறி.

குழுவில் பெரும்பாலோருக்கு ஒரே யோசனை: சிறு அமைப்புகள், எழுத்தாளர்கள் என்று நூறு பேருக்கு அவரவர் மொழியில் டொமைன் வாங்கிக் கொடுத்து, இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் நாமே கட்டிவிடலாம். ஆண்டறிக்கையில் எழுத 'நூறு' என்று ஒரு எண் கிடைக்கும். எனக்கு மனம் ஒப்பவில்லை.

காரணம், என்னிடமே ஒரு தமிழ் டொமைன் நாலு வருடமாக இருக்கிறது. முகவரிப் பட்டையில் அடித்தால் தளம் ஒழுங்காகத் திறக்கும். அதோடு சுகம் முடிந்தது. அரட்டையில் தட்டி அனுப்பினால் இணைப்பாக மாறாமல் வெறும் எழுத்தாகக் கிடக்கும். உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் எக்ஸ், என், இரண்டு கோடு என்று ஆரம்பித்து ஒரு நீள வால் வந்து விழுகிறது. "இது வைரஸா?" என்று கேட்டவர் என் சொந்த மைத்துனர்.

அதே டொமைனில் தமிழிலேயே மின்னஞ்சல் முகவரியும் வைத்தேன். ஒரு சேவையில் பதிவு செய்யும்போது படிவம் மறு பேச்சில்லாமல் அதை வாங்கிக்கொண்டது. பூரித்துப்போனேன். உறுதிப்படுத்தும் மடல் வரவே இல்லை. உதவிப் பிரிவில் கேட்டதற்கு, அவர்கள் பக்கத்தில் என் முகவரி எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று படம் பிடித்து அனுப்பினார்கள்: ஏழு கேள்விக்குறி, ஒரு அட் (@), அப்புறம் மறுபடியும் வரிசையாகக் கேள்விக்குறிகள். என் பெயரில் நாலே எழுத்து. ஏழு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

இந்த நிலையில் இன்னும் நூறு பேரைக் கூட்டிவந்து இதே வரிசையில் நிறுத்துவதா? மென்பொருளைத் திருத்தப் பணம் கொடுப்பதா, மின்னஞ்சலை முதலில் பார்ப்பதா? ஒரு உறுப்பினர் சொந்தமாக ஒரு மேல்நிலைப் பெயருக்கே ('.காம்' போல முகவரியின் கடைசிப் பகுதி) விண்ணப்பிக்கலாம் என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

—

கட்டளைத்திரை:

முதலில் அந்த ஏழு. நமக்கு ஒரு எழுத்தாகத் தெரிவது, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தில் ஒரே குறியாக இருக்க வேண்டியதில்லை. 'இந்தியா' நமக்கு நாலு எழுத்து. கணினிக்கு இ, ந, புள்ளி, த, இகரக் கொக்கி, ய, கால் என்று ஏழு. தமிழைச் சேமிக்கத் தெரியாத தரவுத்தளம் குறிக்கு ஒன்றாகக் கேள்விக்குறி போட்டிருக்கிறது. உங்கள் பெயரும் இதே வாகுதான் போல.

இதே கணக்குதான் படிவங்களிலும் இடிக்கிறது. '.சிங்கப்பூர்' என்ற மேல்நிலைப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஆறு எழுத்து, யூனிகோடில் பதினொரு குறி, முகவரியைத் தேடித்தரும் டிஎன்எஸ் அமைப்புக்காக ஆங்கில எழுத்து, எண், கோடு மட்டுமே உள்ள பியூனிகோடாக்கினால் (உங்கள் 'எக்ஸ், என்' வால் இதுதான்) இருபத்திரண்டு எழுத்து. 'கடைசிப் பகுதி ஏ முதல் இசட் வரை, இரண்டிலிருந்து ஆறு எழுத்து' என்று யாரோ எப்போதோ எழுதிய ரெஜெக்ஸ் (உள்ளிட்டதைச் சரிபார்க்கும் சூத்திரம்) இன்றும் ஆயிரம் இடத்தில் ஒட்டப்பட்டுக் கிடக்கிறது. நீள வரம்பைப் பிற்பாடு எடுத்தவர்களும் எண்ணையும் கோட்டையும் அனுமதிக்க மறந்துவிட்டார்கள். அதனால் பியூனிகோடு வடிவத்தைக் கொடுத்தாலும் நிராகரிப்புதான்.

இதைவிட நுட்பமாக ஒன்று உண்டு. நல்ல எண்ணத்தோடு 'எந்த மொழி எழுத்தும் வரலாம்' என்று யூனிகோடின் 'எழுத்து' வகையை மட்டும் அனுமதிப்பார்கள். யூனிகோடு கணக்கில் உயிரும் அகரமேறிய மெய்யும்தான் எழுத்து. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் ஒட்டுக்குறி என்று தனி வகை. 'கடல்' என்று பதிந்தாலே கடைசிப் புள்ளியில் தடுக்கும். சீன மொழியில் சோதித்துப் பார்த்துவிட்டு 'பன்மொழி ஆதரவு உண்டு' என்று எழுதிவிடுகிறார்கள். நாம் வெளியே நிற்கிறோம்.

என் வாக்கு: ஒரு ஆளுக்கு ஆறு மாதச் சம்பளம் கொடுங்கள். எல்லோரும் பயன்படுத்தும் திறமூல நூலகங்களில் (யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய பொது நிரல் தொகுப்புகளில்) மின்னஞ்சலையும் இணைய முகவரியையும் சரிபார்க்கும் பகுதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, சோதனை எழுதி, பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பி, நூலகத்தைப் பராமரிப்பவர் பதில் போடும்வரை நச்சரிப்பதுதான் அவர் வேலை. உதாரணத்துக்கு, பைதான் நிரல்மொழியோடு வரும் ஐடிஎன்ஏ மாற்றி (பன்மொழிப் பெயரைப் பியூனிகோடாக்கும் பகுதி) 2003-ஆம் ஆண்டு விதிப்படிதான் நடக்கிறது. 2010-இல் வந்த திருத்திய விதி வேண்டுமென்றால் தனி நூலகம் நிறுவ வேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

மின்னஞ்சலை இரண்டாவதாக வையுங்கள். அட்டுக்கு முன்னாலும் தமிழ் வரலாம் என்று 2012-லேயே விதி வந்துவிட்டது, ஜிமெயில் 2014-இல் ஏற்றது, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மடல் சர்வர் மென்பொருள் 2015-இல். ஆனால் வழியில் நிற்கும் ஒவ்வொரு சர்வரும் சம்மதிக்க வேண்டும். ஒன்று மறுத்தாலும் மடல் திரும்பி வரும். சிறு நிதியால் அதை அசைக்க முடியாது.

—

ஆறாம்விரல்:

கட்டளைத்திரை சொல்வது எல்லாம் சரி. ஆனால் பேட்ச் அனுப்பிப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பராமரிப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "இதை யார் பயன்படுத்துகிறார்கள்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் பேட்ச் பதினாலு மாதம் திறந்தே கிடந்து, கடைசியில் ஒரு ரோபோ வந்து 'அசைவில்லை' என்று மூடிவிட்டுப் போனது.

2007-இலேயே, டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பு பல மொழிகளில் பதினொரு சோதனைப் பெயர் வைத்தது. அதில் நம்முடையதும் ஒன்று: 'உதாரணம்.பரிட்சை'. அதாவது பெயர் வேலை செய்யும் என்பது எப்போதோ தெரிந்துபோனது. இப்போது .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று மூன்று தமிழ் மேல்நிலைப் பெயர்கள் இருக்கின்றன. எத்தனை மொழிக்கு இந்த வாய்ப்பு? இருந்தும் சத்தம் போட ஆள் இல்லை.

நூறு பேருக்கு இலவசமாகக் கொடுப்பதும் வேண்டாம். ரஷ்யாவின் சிரிலிக் மேல்நிலைப் பெயர் 2010 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்ததும் சில நாளிலேயே லட்சக்கணக்கில் பதிவானது. அதில் எத்தனையோ பெயர், தளம் எதுவும் இல்லாமல் வாங்கிப் போட்டவை. இலவசம் என்றால் நம் நூறுக்கும் அதே கதிதான். கூடவே இன்னொரு ஆபத்து: இரண்டு ஆண்டு கழித்துக் கட்டணம் கட்ட ஆள் இல்லாமல் காலாவதியான பெயரை எவனோ எடுத்துச் சூதாட்டத் தளம் வைப்பான். அமைப்பின் பெயர் போச்சு.

பத்துப் பேர் போதும். ஆனால் வாயுள்ள பத்துப் பேர். தினமும் அந்த முகவரியைப் பயன்படுத்தி, எங்கே உடைந்தாலும் படத்தோடு எழுதி அனுப்புகிறவர்கள். கட்டளைத்திரையின் ஆறு மாத ஆளுக்கு அதுதான் கைச்சரக்கு.

—

சுவடிப்பூச்சி:

பெயர் கொடுப்பதாக இருந்தால் ஔகாரத்தைக் கவனியுங்கள். 'கௌ' என்று ஒரே உயிர்க்குறியாகவும் அடிக்கலாம், 'கெள' என்று ஒற்றைக் கொம்போடு ளகரம் சேர்த்தும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். டிஎன்எஸ்ஸுக்கு வெவ்வேறு பெயர். கௌரி தன் பெயரைப் பதிந்த மறுநாளே இன்னொருவர் இரட்டைப் பிறவியைப் பதியலாம். 'ஸ்ரீ'யிலும் ஸகரம், ஶகரம் என்று இரண்டு வழி. தமிழ் எண் ஒன்று (௧) பார்க்க ககரமேதான். மேல்நிலைப் பெயர்களுக்கு 2019 முதல் தமிழுக்கென்று விதித்தொகுப்பு உண்டு. அதற்குக் கீழே பதியும் பெயர்களில் அந்தந்தப் பதிவகம் (அந்த மேல்நிலைப் பெயரை நடத்தும் அமைப்பு) வைத்ததுதான் சட்டம். வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

சொந்த மேல்நிலைப் பெயர் கேட்ட உறுப்பினருக்கு: ஐகான் புது மேல்நிலைப் பெயர்களுக்கு விண்ணப்பம் வாங்கிய 2012 சுற்றில் கட்டணம் 1,85,000 டாலர். வந்த 1,930 விண்ணப்பங்களில் ஆங்கிலம் அல்லாத வரிவடிவில் வந்தவை 116. 2026 சுற்றுக்குக் கட்டணம் 2,27,000 டாலர். அதற்கான உதவித் திட்டத்தில் 75 முதல் 85 சதவீதம்வரை தள்ளுபடி இருந்தது, அதற்கு விண்ணப்பிக்கும் காலம் 2025-இல் முடிந்துவிட்டது. பெயர் கிடைத்தாலும் அப்புறம் காலமெல்லாம் நடத்த வேண்டுமே. யானை வாங்கிய கதைதான்.

அதைவிட, 2012 சுற்றின் ஏலப் பணத்திலிருந்து ஐகான் 2024-இல் மானியத் திட்டம் ஒன்று தொடங்கியது. முதல் சுற்றில் ஒரு கோடி டாலர், ஒரு திட்டத்துக்கு 50,000 முதல் 5 லட்சம்வரை. அடுத்த மானியச் சுற்று வரும்போது, ஆறு மாத வேலையின் பதிவேட்டோடு போனால் உங்கள் பேச்சு எடுபடும்.

—

குறில்நெடில்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் கூட்டம் நடந்தது. அந்தக் கேள்விக்குறிப் படத்தைத் திரையில் போட்டு, ஏழுக்குக் கட்டளைத்திரை சொன்ன விளக்கத்தையும் சொன்னேன். நூறு பெயர் யோசனையைக் கொண்டுவந்தவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் தன் பெயரை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

முடிவு: முக்கால் பங்கு ஒரு ஆளின் ஆறு மாத வேலைக்கு. மீதியில் பத்துப் பேருக்குப் பெயர், இரண்டுக்குப் பதில் ஐந்து ஆண்டுக் கட்டணத்தோடு, காலாவதித் தேதிகள் என் நாட்காட்டியில். மாதம் ஒரு உடைசல் அறிக்கையாவது அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. மேல்நிலைப் பெயர் கேட்டவர் கட்டணத்தைப் பார்த்ததும் தானாகவே அமைதியாகிவிட்டார். மின்னஞ்சல் இந்த முறை இல்லை. அதில் எனக்கு வருத்தம்தான், என் மடல் இன்னும் வரவில்லையே.

சுவடிப்பூச்சி, தனிமடல் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவர் பெயர் சௌந்தரம். விண்ணப்பத்தில் அவரே ஓர் இடத்தில் ஒருமாதிரியும் இன்னோர் இடத்தில் வேறுமாதிரியும் அடித்திருக்கிறார்.