கார்த்திகை தீபத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்: ரேஞ்ச்ஃபைண்டருக்கு எஃப் 1.1 லென்ஸ் வாங்கலாமா?

வடக்குமாடவீதி | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய லைக்கா எம் 240. லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனி ஜன்னலில் இரண்டு உருவங்களை ஒன்றாகக் கூட்டி ஃபோகஸ் செய்கிற ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. கூடவே 50 எம்எம் சம்மிக்ரான் எஃப் 2 (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும்). இரண்டு வருஷமாக இந்த ஒரே லென்ஸ்தான். வீடு மயிலாப்பூரில். மார்கழி முழுக்க விடிவதற்கு முன்பே மாடவீதிகளைச் சுற்றி வருவேன். சூரியன் எழும்ப ஆறே கால், ஆறரை ஆகிவிடும். கோலம் போடுகிறவர்கள் ஐந்தரைக்கெல்லாம் வாசல் தெளித்து முடித்திருப்பார்கள். போன வருஷம் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் உணர்திறனை, 3200 வைத்தும் ஷட்டர் 1/30 நொடிக்கு மேல் ஏறவில்லை. மாவு விழுகிற விரல்கள் எல்லாப் படத்திலும் கலங்கியே இருக்கின்றன.

இப்போது நண்பர் ஒருவர் ஃபோக்ட்லெண்டர் நோக்டான் 50 எம்எம் எஃப் 1.1 தருகிறேன் என்கிறார். கிட்டத்தட்ட அதே விலைக்கு 35 எம்எம் எஃப் 1.4 ஒன்றும் வேறொருவரிடம் இருக்கிறது. தீபத்துக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்கள். எதை எடுப்பது? இல்லை, இரண்டுமே வேண்டாமா?

நிதானம் | ஞாயிறு, இரவு 10.25

தம்பி, இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி.

வேகமான, அதாவது அதிக வெளிச்சம் விடும் லென்ஸ்கள் பிறந்ததே ஃபிலிமுக்கு ஒளி உணர்வு குறைவாக இருந்ததால்தான். லைக்காவின் முதல் நாக்டிலக்ஸ், எஃப் 1.2, 1966ல் வந்தது. அதில் இரண்டு பரப்புகள் கோள வடிவில் இல்லாதவை. அப்படித் தேய்த்தெடுப்பது அன்றைக்குப் பெரும்பாடு. 1976ல் வால்டர் மாண்ட்லர் அந்த மாதிரிப் பரப்பே இல்லாமல் எஃப் 1.0 கொண்டுவந்தார். அபாரமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அது அந்தக் காலத்தின் தேவை. டிஜிட்டல் வந்த புதிதிலும் அந்தத் தேவை கொஞ்சம் மிச்சம் இருந்தது: 2004ல் எப்சன் ஆர்-டி1 ஐஎஸ்ஓ 1600 வரைதான் போகும், 2009ல் எம்9 2500 வரை. உங்கள் கேமரா 6400 போகிறது. 2017ல் வந்த எம்10 இன்னும் எங்கேயோ போய்விட்டது. இருட்டுக்காக லென்ஸ் வாங்குகிற பணத்தைச் சேர்த்துவைத்துக் கேமரா பாடியை மாற்றுங்கள்.

அடுத்தது ஃபோகஸ். உங்கள் கேமராவில் ரேஞ்ச்ஃபைண்டரின் அடிநீளம், அதாவது அதன் இரண்டு ஜன்னல்களுக்கும் உள்ள இடைவெளி, 69.25 மில்லிமீட்டர். வியூஃபைண்டரின் உருப்பெருக்கம் 0.68. பெருக்கிப் பாருங்கள், 47 மில்லிமீட்டர்தான் கைக்கு வருகிறது. உங்கள் ஃபோகஸின் துல்லியம் முழுக்க அதற்குள் அடக்கம். ஒரு மீட்டர் தூரத்தில் 50 எம்எம் லென்ஸை எஃப் 2ல் வைத்தால் தெளிவாக நிற்கும் ஆழம் நாலரை சென்டிமீட்டர். எஃப் 1.1ல் இரண்டரை. கோலம் போடுகிற அம்மா அடுத்த புள்ளிக்குக் கையை நகர்த்தினாலே அது போய்விடும்.

அகல்விளக்கு | திங்கள், காலை 6.50

நிதானம் சார், கணக்கு சரி. ஆனால் ஒரு மீட்டருக்கு மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அதே லென்ஸ், அதே எஃப் 1.1, மூன்று மீட்டரில் ஆழம் 23 சென்டிமீட்டர். ஆறு மீட்டரில் ஏறக்குறைய 90. மாடவீதியில் முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் குனிந்திருக்கும்போது நாம் ஒரு மீட்டர் பக்கத்தில் போய் நிற்பதில்லையே. நோக்டானும் ஒரு மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது.

வெளிச்சத்தையும் பார்க்கலாம். எஃப் 2லிருந்து எஃப் 1.1க்குப் போனால் மூன்று மடங்குக்கு மேல் வெளிச்சம் வரும். தம்பியின் 1/30, 1/100 ஆகும். விரல்கள் நிற்கும். ஐஎஸ்ஓவை ஏற்றினாலும் நிற்கும்தான், ஆனால் ஏற ஏற நிழலில் இருக்கிற நிறம் முதலில் செத்துப்போகும். அரக்குப் புடவையும் மாந்தளிர்ப் புடவையும் ஒரே பழுப்பாகிவிடும். விடியற்காலைப் படத்தில் எனக்கு வேண்டியதே அந்த நிழல் நிறம்தான்.

ஆறு வருஷமாக இதே லென்ஸ் வைத்திருக்கிறேன். பூக்கடையில் ஒருநாள் விடிவதற்கு முன், ஒரு குண்டு பல்பு வெளிச்சத்தில் ஒரு பெரியம்மா வாழைநாரில் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தார். வியூஃபைண்டர் நடுவில் இரட்டை உருவம் தெரிகிற பேட்சை அவர் மூக்குத்திமேல் வைத்தேன். இரண்டு பொட்டாகத் தெரிந்த கல் நகர்ந்து நகர்ந்து ஒரே பொட்டானது, அழுத்தினேன். முகம் நிற்கிறது. கையில் இருக்கிற மல்லிகை பாதி கரைந்திருக்கிறது. பின்னால் மரிக்கொழுந்துக் குவியல் பச்சை ஈரமாகப் படிந்திருக்கிறது. எஃப் 2ல் எடுத்த படமும் இருக்கிறது. அதில் பின்னால் இருக்கிற தராசு, பிளாஸ்டிக் குடம், சுவரில் ஒட்டிய போஸ்டர் எல்லாம் பெரியம்மாவோடு போட்டி போடுகின்றன.

நிதானம் | திங்கள், காலை 9.15

அந்தப் படம் நன்றாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மேடம், அந்த 23, 90 எல்லாம் பிரிண்ட் காலத்துக் கணக்கு. 0.03 மில்லிமீட்டர் வரை மங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது என்று வைத்துப் போட்டது. எம் 240ன் பிக்சல் ஒன்று 0.006 மில்லிமீட்டர். திரையில் முழு அளவில் பார்த்தால் அந்த 90ல் நிஜமாகத் தெளிவாக இருப்பது ஒரு சிறு துண்டு. ஃபிலிம் நம் தவறுகளைப் பொறுத்துக்கொண்டது. சென்சார் பொறுக்காது.

பட்ட அனுபவமும் இருக்கிறது. அண்ணன் மகள் வளைகாப்புக்கு 35 எம்எம் எஃப் 1.4 ஒன்றோடு போனேன். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. கூடத்தில் ட்யூப்லைட். கொஞ்சம் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று எஃப் 2.8 வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் கண்ணில் பேட்ச் வைத்துத்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாற்பது படத்திலும் கண் லேசாக மங்கல், காதோரம் வைத்த பூ ஊசிமுனை மாதிரித் தெளிவு. அந்த நாள் திரும்ப வருமா? அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்த ஆல்பத்தில் அந்த நாற்பதில் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகுதான் எஃப் 2க்கு வந்தேன். ஒன்பது வருஷம் ஆகிறது, ஒரு விசேஷத்தைக்கூட கோட்டைவிடவில்லை.

கண்ணாடிப்பேழை | திங்கள், மதியம் 2.05

திருவல்லிக்கேணியில் லென்ஸ் பிரித்துச் சுத்தம் செய்கிறவன் நான். சாருக்கு நடந்ததற்குப் பெயர் ஃபோகஸ் ஷிஃப்ட். முழுசாகத் திறந்த லென்ஸில் ஓரத்து வழியாக வரும் ஒளி ஒரு இடத்திலும் நடுவழியாக வரும் ஒளி வேறு இடத்திலும் கூடும். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துளையை, சுருக்கினால் ஓரத்து ஒளி அடைபட்டு, ஃபோகஸ் பின்னால் நகரும். கண் மங்கி, காதோரப் பூ தெளிந்தது அதனால்தான். ரேஞ்ச்ஃபைண்டருக்கு இது தெரியாது. அது லென்ஸின் வழியாகப் பார்ப்பதில்லை, லென்ஸின் பின்னால் இருக்கிற கேம் என்ற உலோக விளிம்பு எவ்வளவு தள்ளுகிறது என்பதை மட்டும்தான் பார்க்கிறது.

இதைக் கெட்ட லென்ஸ் என்று சொல்ல மாட்டேன். ஸைஸ் சி-சோனார் 50 எம்எம் எஃப் 1.5 இதற்கே பெயர் போனது. பெர்டலே என்ற வடிவமைப்பாளர் 1930களில் போட்ட வடிவமைப்பின் வாரிசு அது. முதலில் எஃப் 2.8க்குச் சரியாக அமைத்து விற்றார்கள், 1.5ல் ஃபோகஸ் கொஞ்சம் முன்னால் விழும். அது தெரிந்தவர்கள் அதில் எடுக்கிற முகங்களைப் பார்த்தால் வேறு லென்ஸே வேண்டாம் என்று தோன்றும்.

அதனால் வடக்குமாடவீதி தம்பிக்கு ஒன்று: 50ஆ 35ஆ என்பது இருக்கட்டும். உங்கள் பாடியில் போட்டுப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். செய்தித்தாளைச் சுவரில் ஒட்ட வேண்டாம், மேஜையில் விரித்து 45 டிகிரியில் சாய்வாகப் பாருங்கள். ஒரு வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மீட்டரில் அந்த வரியை ஃபோகஸ் செய்து எஃப் 1.1, 1.4, 2, 2.8, 4 என்று ஐந்து படம். எந்த வரி தெளிவு என்று குறித்து வையுங்கள். பிறகு மூன்று மீட்டரில் இன்னொரு தடவை. ஒரே மாடலில் இரண்டு லென்ஸ் இரண்டு விதமாக வரும், உங்கள் பாடியும் கொஞ்சம் விலகியிருக்கலாம்.

அப்புறம் டார்ச். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இருந்தால் ஃபங்கஸ். புகை மாதிரி இருந்தால் உள்ளே படலம் படிந்திருக்கிறது. இந்த ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் வாரத்துக்கு மூன்று லென்ஸ் என் மேஜைக்கு வருகிறது. பாதி பேர் தோல் உறையில் போட்டு மர பீரோவில் வைத்திருப்பார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். டிரை கேபினட் வாங்க முடியாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஈரப்பதம் 40லிருந்து 50க்குள் நின்றால் சரி.

காசிமேடு5மணி | திங்கள், மாலை 7.30

எனக்கு 35 எஃப் 1.4தான். மீன்பிடித் துறைமுகத்தில் ஆள் நடந்துகொண்டே இருப்பார், கூடை நகர்ந்துகொண்டே இருக்கும். 50 போட்டால் படத்தில் சூழலே இருக்காது. 35ல் தூரத்தை முன்பே இரண்டரை மீட்டருக்கு வைத்துவிட்டுக் காத்திருக்கலாம்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. விடிந்த பிறகு என்ன செய்வீர்கள்? ஐஎஸ்ஓ 200, நம் ஊர் வெயில், எஃப் 1.4 என்றால் ஷட்டர் 1/25000 வேண்டும். உங்கள் கேமராவில் 1/4000தான் உச்சம். வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டால்தான் 1/3200க்கு இறங்கும். எஃப் 1.1க்கு அதுவும் போதாது. உப்புக் காற்றில் ஃபில்டரைத் திருகித் திருகிக் கழற்றுவது எனக்கு ஒத்துவராது. எட்டு மணிக்கு மேல் எஃப் 8 வைத்துவிடுவேன்.

அகல்விளக்கு | திங்கள், இரவு 10.10

வளைகாப்புப் படங்கள் போனது கேட்டு எனக்கே வருத்தமாக இருக்கிறது சார். அது உங்கள் தவறு இல்லை. ஆனால் ஷிஃப்ட் கடித்தது நீங்கள் சுருக்கியதால்தானே? நான் எஃப் 1.1 போட்டால் எஃப் 1.1லேயே எடுப்பேன். 2.8 வேண்டும் என்றால் அதற்குத் தனி லென்ஸ். எம் 240ல் மேலே மாட்டுகிற மின்னணு வியூஃபைண்டரும் உண்டு. இந்த லென்ஸ்களில் அப்பர்ச்சரை நாமே கையால் சுருக்குவதால், எந்த அப்பர்ச்சரில் எடுக்கப்போகிறோமோ அதிலேயே பார்த்து ஃபோகஸ் செய்யலாம். அங்கே ஷிஃப்ட் என்ற பேச்சே இல்லை. எனக்குப் பேட்ச்தான் பிடிக்கும், அது என் ஆசை.

ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். ஒரு தடவை கூட்டிவிட்டு, பிறகு உடம்பை மட்டும் விரலளவு முன்னே பின்னே சாய்த்து மூன்று படம். ஒன்று விழும்.

கண் ரெப்பை எண்ண முடிகிறதா என்பதையே அளவுகோலாக வைத்தால் இந்த லென்ஸ் தோற்கும். எனக்கு அது அளவுகோல் இல்லை.

நிதானம் | செவ்வாய், காலை 8.00

மூன்றில் ஒன்று விழும் என்கிறீர்கள். அந்த அம்மா புள்ளி வைத்துக் கம்பி இழுக்கும்போது தலையை நிமிர்த்திப் பார்க்கிற நொடி ஒன்றுதான் வரும். மூன்று வராது. எனக்கு இதில் சமாதானம் ஆகாது.

தம்பி, எடையையும் பாருங்கள். சம்மிக்ரான் 240 கிராம், நோக்டான் 428. ஹூட் போட்டால் வியூஃபைண்டரின் வலது கீழ் மூலையை லென்ஸே மறைக்கும். கோலம் இருப்பது கீழேதான்.

வடக்குமாடவீதி | செவ்வாய், இரவு 9.20

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கேட்க மறந்த ஒன்று: சபாக்களில் அனுமதி வாங்கிக் கச்சேரி எடுப்பதும் உண்டு. மிருதங்கக்காரர் கைக்கு 1/250 வேண்டும். அதற்கு இந்த 50 உதவுமா?

நிதானம் | செவ்வாய், இரவு 9.45

உதவாது. அனுமதி கிடைத்தாலும் உங்களைப் பக்கவாட்டில்தான் நிற்க வைப்பார்கள். அங்கிருந்து 50ல் மேடை முழுக்க வரும், கை வராது. 75 இல்லாவிட்டால் 90 எஃப் 2. ஃப்ளாஷ் மட்டும் எடுத்துப் போகவே போகாதீர்கள்.

அகல்விளக்கு | செவ்வாய், இரவு 10.00

இதில் சார் சொல்வதுதான் சரி. தம்பி, தீபத்தன்று சாயங்காலம் நான் மயிலாப்பூர் வருகிறேன். என் லென்ஸையே உங்கள் கேமராவில் போட்டுப் பாருங்கள். பிறகு நண்பருக்குப் பதில் சொல்லலாம்.

வடக்குமாடவீதி | தீபத்துக்கு மறுநாள், இரவு 8.30

பார்த்துவிட்டேன். அக்கா ஆறு மணிக்கு வந்தார். முதலில் எங்கள் வீட்டு மேஜையில் செய்தித்தாள் சோதனை. எஃப் 1.1ல் கோடு போட்ட வரியே தெளிவு. 2.8ல் இரண்டு வரி பின்னால் போனது.

பிறகு தெரு. திண்ணை முழுக்க அகல்விளக்கு. அறுபத்திரண்டு படம் எடுத்தேன், எல்லாம் எஃப் 1.1. உட்கார்ந்து எண்ணினேன்: நான் நினைத்த இடத்தில் ஃபோகஸ் விழுந்தது இருபத்தேழு. சுடரில் பேட்ச் வைப்பது சுலபம், அது நெட்டுக்குத்தாக நிற்கிறது. திண்ணை விளிம்பு படுக்கைக் கோடு என்பதால் அங்கே கூட்டவே முடியவில்லை. ஓரத்து விளக்குகள் வட்டமாக வராமல் எலுமிச்சம்பழ வடிவில் வருகின்றன. நிதானம் ஐயா சொன்னபடி வலது மூலை மறைந்தது. இரண்டு படத்தில் கோலம் வெட்டுப்பட்டிருக்கிறது.

ஒரு படம் மட்டும் சொல்கிறேன். எதிர்வீட்டுச் சிறுமி திரி அணையாமல் இருக்க உள்ளங்கையைக் குவித்து மறைக்கிறாள். ஷட்டர் 1/125. விரல் இடுக்கில் ரத்தச் சிவப்பாக ஒளி தெரிகிறது. நகங்கள் தெளிவு. முகம் அரை அடி பின்னால், மங்கல்தான், ஆனால் சிரிப்பது தெரிகிறது. என் எஃப் 2ல் இது வந்திருக்காது. 50ஐ எடுத்துக்கொள்கிறேன் என்று நண்பருக்குச் சொல்லிவிட்டேன். சம்மிக்ரானை விற்கப்போவதில்லை.

நிதானம் | தீபத்துக்கு மறுநாள், இரவு 9.05

அறுபத்திரண்டில் முப்பத்தைந்து போயிருக்கிறது தம்பி, அதை மறக்க வேண்டாம். வீட்டு விசேஷத்துக்கு எஃப் 2தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தச் சிறுமி படத்தை 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவாருங்கள். நகம் அந்த அளவிலும் நிற்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.