காசல்ரீயில ரீல் சீட் கழண்டு சுத்திருச்சு, இந்தக் குளிருல எப்படி ஒட்டுறது?

ஹட்டன் டிங்கர்

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கெழமை காசல்ரீ நீர்த்தேக்கத்துல காப் மீனுக்குத் தூண்டில் போட்டிருந்தேன், நல்ல மீன் ஒண்ணு மாட்டுச்சு, டிராக் (ரீலோட பிரேக்) கத்திக்கிட்டு நூல் போகுது, நான் கம்பத் தூக்கி ரீல சுத்தப் பாத்தா கீழ தொங்க வேண்டிய ரீல் அப்படியே திரும்பி மேல வந்துருச்சு. ரீல மாட்டுற சீட்டே பிளாங்க் (கம்போட வெறுந்தண்டு) மேல சுத்துது. மீனும் போச்சு.

நானே கட்டுன மொத கம்பு அது. 9 அடி, கிராபைட் பிளாங்க், கொழும்புல இருந்து வரவச்சேன். சீட் வர்ற எடத்துல பிளாங்க் 12 மில்லிமீட்டர், சீட்டோட உள் விட்டம் 16. இடைவெளிக்கு மாஸ்கிங் டேப்ப முழு நீளத்துக்கும் சுத்தி, சீட் இறுக்கமா ஏறுற அளவுக்குப் பண்ணி, மேல 5 நிமிஷ எப்பொக்சி (ரெண்டு டியூப் கலக்குற பசை) பூசி ஏத்துனேன். நான் கராஜ்ல டிங்கர் வேல பாக்குறவன், குளிர் நாள்ல ஹார்ட்னர் (இறுக வைக்கிற டியூப்) கொஞ்சம் கூட்டிப் போட்டாத்தான் சீக்கிரம் இறுகும்னு பழக்கம், இதுலயும் அப்படியே கூட்டிப் போட்டேன். ஒரு மாசம் ஆச்சு, ஓரத்துல வழிஞ்ச பசைய நகத்தால அமுக்குனா இன்னும் ரப்பர் மாதிரி உள்ள போகுது.

சீட்ல சின்ன ஓட்ட போட்டு ஊசியால புதுப் பசை ஏத்துனா நிக்குமா, இல்ல முழுசா கழட்டணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நானுஓயா கம்புக்காரன்

தம்பி, மொதல்ல அந்த ஹார்ட்னர் விஷயத்த சொல்லிடுறேன், மத்ததெல்லாம் அதுக்குப் பொறகுதான். நீங்க கராஜ்ல வண்டி நெளிவுக்குப் பூசுற பில்லர் பொலியெஸ்டர். அதுல ஹார்ட்னர் தூண்டி விடுற வேலைய மட்டும்தான் செய்யும், அதனால கூட்டினா வேகமா இறுகும், கொறச்சா மெதுவா இறுகும். எப்பொக்சி அப்படி இல்ல. ரெண்டு டியூப்ல இருக்கதும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டுத்தான் கட்டியாகுது, ஒரு பக்கம் கூடிருச்சுன்னா அந்த மிச்சத்துக்கு சோடி கெடைக்காது, அது உள்ளயே பிசுபிசுன்னு கெடக்கும். நீங்க ஒரு மாசம் இல்ல ஒரு வருஷம் வச்சிருந்தாலும் அது இறுகாது. சம அளவு போடச் சொல்லியிருந்தா சம அளவுதான், குளிரோ வெயிலோ.

அதனால ஊசி வேலை வேணாம். நல்லா இறுகுன பசையில எங்கயோ ஒரு எடம் மட்டும் காலியா இருந்தா ஊசியால ஏத்துறது சரி வரும், நானே ரெண்டு கம்புக்கு செஞ்சிருக்கேன். ரப்பர் மேல புதுப் பசை ஏத்துனா அந்த ரப்பரோட சேந்து அதுவும் சுத்தும். கழட்டுங்க. கொதிக்கிற தண்ணிய துணியில நனச்சு சீட்ட சுத்திக் கட்டி ரெண்டு மூணு நிமிஷம் விட்டு முறுக்குனா உங்க பசைக்கு லேசா வந்துரும், பின்பக்கப் பிடி வழியாத்தான் வரணும்கிறதால பிடியையும் அதே மாதிரி எடுக்கணும். லைட்டர், காஸ் அடுப்பு எதையும் கிட்ட கொண்டு போகாதீங்க, பிளாங்க்ல இருக்கதும் ஒரு பிசின்தான்.

அடுத்தது டேப். முழு நீளத்துக்கும் சுத்தினீங்கன்னா உங்க சீட் பிளாங்க்ல ஒட்டல, பேப்பர்லதான் ஒட்டியிருக்கு. ஒரு பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி, சாதாரண டேப்னா கிட்டத்தட்ட 15 சுத்து வரும், அந்த 15 பேப்பரும் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்குற எடம். டேப்ப மூணு வளையமா மட்டும் சுத்துங்க, வளையத்துக்கு வளையம் ஒரு விரல் அகலமாவது விடுங்க. சீட்ட நடுவுல நிறுத்துறதுதான் டேப்போட வேலை, சொமைய தாங்குறது அந்த இடைவெளியில நெறையுற பசை. டேப்போட வெட்டுன ஓரத்துக்கும் பசை பூசி மூடிருங்க, இல்லாட்டி தண்ணி பூந்து பேப்பர் ஊறும்.

ஒட்டுற எடத்துல பிளாங்க்கோட பளபளப்பு போற வரைக்கும் 220 சாண்ட்பேப்பர் போடுங்க, நாருக்குள்ள போக வேணாம். சீட்டுக்குள்ளயும் ஒரு குச்சியில பேப்பர சுத்தி உரசுங்க, நெறைய பேர் இத விட்டுர்றாங்க. பாமசியில எண்ணெய் சேராத ஸ்பிரிட் வாங்கித் தொடச்சுட்டு பொறகு கை படாம வேலைய முடிங்க. 5 நிமிஷப் பசை வேணாம், மெதுவா இறுகுற சாதாரண எப்பொக்சி, அதாவது மெது பசைதான் நல்லது.

பொகவந்தலாவை மலை

அண்ணே சொன்னது எல்லாம் சரி, டேப்ல மட்டும் நான் வேற மாதிரி. நம்ம பக்கம் வருஷத்துல பாதி மழை, கம்பு காயிறதே இல்ல, அதனால பேப்பர நான் உள்ள விடுறதே இல்ல. ஹார்ட்வெயார்ல ஜிப்சம் போர்ட் ஜாயின்ட்டுக்கு ஒட்டுற கண்ணாடி நார் வலை டேப் இருக்குல்ல, அத பசை பூசிப் பூசி சுத்துறேன், வலைக் கண்ணுக்குள்ள எல்லாம் பசை போயி ஒரே கட்டையாயிரும். கொஞ்சம் ஊத்தை புடிச்ச வேலைதான், கையுறை போட்டுக்குங்க.

ஒரு விஷயம், நான் பட்டது. எங்க லயத்துல அடுப்புக்கு மேல பரண் இருக்கு, சூடா இருக்குமேன்னு பிளாங்க்க உரசி அங்க வச்சிட்டு மறுநாள் ஒட்டுனேன். ரெண்டாவது தடவ மீன் புடிக்கப் போகயில சீட் கையோட வந்துருச்சு. கழட்டிப் பாத்தா பசை உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கு, அதுல மஞ்சளா ஒரு படலம், மோந்து பாத்தா பொகை வாசம். வெறகுப் பொகையில வர்ற பிசுக்கு. ஒட்டுன பொறகு வேணும்னா சூட்டுல வைங்க, ஒட்டுறதுக்கு முன்னாடி பொகையில காட்டாதீங்க.

ஹட்டன் டிங்கர்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி கழட்டிட்டேன். அண்ணே சொன்னதுதான், டேப் சுருள் சுருளா சீட்டுக்குள்ளயே வந்துருச்சு, பிளாங்க்ல ஒரு பொட்டு பசை இல்ல, கடையில வாங்குனப்ப இருந்த பளபளப்பு அப்படியே இருக்கு. நான் உரசவே இல்லன்னு இப்பத்தான் ஞாபகம் வருது.

இன்னும் ரெண்டு கேள்வி. கைடு (நூல் போற வளையம்) எல்லாம் ஏற்கனவே கட்டியாச்சு, சீட்ட அதுக்கு நேரா எப்படி நிறுத்துறது? இப்ப ராத்திரியில நல்ல குளிர், எத்தன நாள் விடணும்?

நானுஓயா கம்புக்காரன்

சீட்ட மெதுவா திருகிக்கிட்டே ஏத்துங்க, அப்பத்தான் பசை எல்லாப் பக்கமும் பரவும், காத்து உள்ள நிக்காது. சீட்டோட திருகு மரைக்கு முன்னாடியே கொஞ்சம் வாஸ்லின் தடவிருங்க, ஆனா உள்பக்கம் ஒரு துளி கூட படக்கூடாது. ஏத்தி முடிஞ்சதும் ரீல மாட்டி, கம்ப கண்ணுக்கு நேரா புடிச்சு கடைசி கைடு வரைக்கும் பாருங்க, ரீல் காலும் கைடும் ஒரே கோட்டுல வரணும். மெது பசைன்னா ஒரு மணித்தியாலம் போல நேரம் இருக்கும், அவசரப்படாம பாக்கலாம். பாத்துட்டு ரீல கழட்டி, வழிஞ்சத ஸ்பிரிட்ல தொடச்சிருங்க. பிறகு கம்ப படுக்க வச்சு அப்பப்ப உருட்டி விடுங்க, நிமித்தி வச்சா பசை கீழ எறங்கிரும்.

குளிருக்கு கணக்கு, 10 பாகை கொறஞ்சா நேரம் ரெண்டு மடங்காகும்னு வச்சுக்குங்க. 23 பாகையில ஒரு நாள்ல முழுசா இறுகுறது 13 பாகையில ரெண்டு நாள் எடுக்கும், நுவரெலியா பக்கத்து தை மாசக் குளிர்னா அதுவும் பத்தாது. கலக்குறதுக்கு முன்னாடி ரெண்டு டியூபையும் மூடியோட பொலித்தீன்ல கட்டி சுடுதண்ணியில பத்து நிமிஷம் போடுங்க, தேன் மாதிரி இளகி வரும், கலக்கவும் லேசு. ஒட்டுனத ஒரு நீள அட்டைப் பொட்டிக்குள்ள வச்சு பழைய 40 வாட் குண்டு பல்ப் ஒண்ண எரிய விடுங்க, அட்டையில படாம. உள்ள 30 பாகை வந்தாலே போதும், அதுக்கு மேல வேணாம், பசை தண்ணியா ஓடிரும். ராத்திரி தூங்கப் போகும்போது பல்ப அணச்சிருங்க.

கலக்குன மிச்சப் பசைய ஒரு அட்டைத் துண்டுல தடவி கம்புக்குப் பக்கத்துலயே அதே பொட்டிக்குள்ள வைங்க. அதுல நகம் எறங்காத அளவுக்கு இறுகுற வரைக்கும் கம்ப பாவிக்காதீங்க.

ஹட்டன் டிங்கர்

ஒட்டியாச்சு அண்ணே. வலை டேப் இங்க கெடச்சது, அதயே போட்டேன். ரெண்டு டியூபையும் ஒரே நீளத்துக்கு பக்கத்துப் பக்கத்துல பிதுக்கி ஸ்கேல் வச்சுப் பாத்துட்டுத்தான் கலக்குனேன். இன்னைக்கு மூணாவது நாள், அட்டையில இருக்கது நகத்துக்கு எறங்கல, மடிச்சா பட்டுனு ஒடையுது. நாளைக்கு கொர்க் பிடிய ஒட்டுறேன், அதுக்கும் இதே பசைதான்.