புதுப்பிப்பு: பாதியில் எழுந்து சென்றவர் திரும்பி வந்தார்
பல்லைத் துளைக்கும்போது அச்சத்தால் பாதியில் எழுந்து சென்றுவிட்ட ஒருவரைப் பற்றி முன்பு எழுதி, பல் மருத்துவர்களிடம் யோசனை கேட்டிருந்தேன். சென்ற வாரம் அவருடைய சொத்தைப் பல்லை அடைத்து முடித்தேன். திரும்பி வந்த முதல் நாள் கருவி எதையும் தொடாமல் பேச மட்டுமே செய்தோம். இடது கையை உயர்த்தினால் உடனே நிறுத்துவேன் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை போலும், அடுத்த முறை வாயைத் திறந்ததுமே கையை உயர்த்திச் சோதித்தார். நிறுத்தினேன், இறுகியிருந்த தோள்கள் சற்றுத் தளர்ந்தன. ஈறில் மரப்பு ஜெல்லைத் தடவிக் காத்திருந்து, ஊசி மருந்தை மிக மெதுவாகச் செலுத்தினேன். மருந்து வலியைத்தான் தடுக்கும், அழுத்தமும் அதிர்வும் தெரியவே செய்யும் என்று முன்பே சொல்லாதது என் தவறு; பாதியில் எழுந்து சென்ற அன்று அதிர்வையே வலியின் தொடக்கமென்று அவர் அஞ்சியிருக்கிறார். துளைக்கருவியின் ஓசைதான் இன்னும் அவருக்கு ஒத்துவரவில்லை. அடுத்த முறை ஹெட்ஃபோன் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.