ஊசியால் ஹெரோயின் பாவிக்கும் தம்பியைப் பொலிஸுக்குக் கொடுக்காமல் சிகிச்சைக்குக் கொண்டுசெல்ல முடியுமா?

கேள்வி (கோண்டாவில் அக்கா)
இருபத்துநான்கு வயதான என் தம்பி ஹெரோயினை ஊசியால் ஏற்றிக்கொள்வது அண்மையில்தான் எமக்குத் தெரியவந்தது. இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாதவனின் முழங்கை மடிப்பில் கன்றிப்போன தழும்புகளை அம்மா கண்டுவிட்டார். பொலிஸில் ஒப்படைத்தால் கந்தகாட்டுப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பித் திருத்திவிடுவார்கள் என்று மாமா ஒற்றைக்காலில் நிற்கிறார். தம்பியோ உடனே விட முடியாது என்கிறான். ஆனால் வைத்தியரிடம் வர மறுக்கவில்லை. முற்றாக விடாத ஒருவருக்கு வைத்தியசாலையில் என்ன செய்வார்கள், சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

பதில் (ஓய்வுபெற்ற தாதி, சுன்னாகம்)
சகோதரி, விடுவானா மாட்டானா என்பதை இன்றே தீர்க்க வேண்டியதில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அசுத்தமான ஊசியோடு இரத்தத்தில் இறங்கும் கிருமி இதய வால்வில் தங்கிவிட்டால், பெரும்பாலும் நடுக்கத்தோடு வரும் காய்ச்சலாகவே வெளிப்படும். பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதற்குள் வால்வு பழுதாகிவிடலாம். அப்படியிருந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். ஊசி பாவிப்பதை மட்டும் மறைக்க வேண்டாம், ஏனெனில் அதைக் கேட்டால்தான் வைத்தியருக்கு இதயத்தைச் சோதிக்கும் எண்ணம் வரும். எச்.ஐ.வி. பரிசோதனையை அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யலாம். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி தொற்றியிருந்தாலும், இக்காலத்து மாத்திரைகளால் 8 முதல் 12 வாரங்களில் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள்.

பாவனை தொடரும் வரை மற்றவர் தொட்ட ஊசி, கரண்டி, பஞ்சு எதையும் அவன் தொடக்கூடாது. தனியறையில் பூட்டிக்கொண்டு பாவிக்கவும் கூடாது. மாமாவுக்கு ஒன்றை விளங்கப்படுத்துங்கள்: சில வாரம் நிறுத்திய உடல் பழைய அளவைத் தாங்காது, ஆகவே அடைத்து வைத்து வெளியே விட்ட முதல் நாட்களிலேயே சாவு அதிகம். உதடு நீலம் பாரித்து மூச்சு மந்தமானால் பக்கவாட்டில் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

பதில் (ஒரு தந்தை, காரைநகர்)
மன்னிக்க வேண்டும். சுத்தமான ஊசியைப் பற்றிப் பேசுவது பிள்ளைகளுக்குப் பச்சைக்கொடி காட்டுவதாகவே எனக்குப் படுகிறது.

பதில் (ஓய்வுபெற்ற தாதி, சுன்னாகம்)
உங்கள் பயம் நியாயமானது, ஐயா. ஆயினும் ஊசி வழங்கும் திட்டங்களால் பாவனை கூடியதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2004இலேயே கூறிவிட்டது. ஹெரோயினுக்குப் பதிலாக வைத்தியர் மேற்பார்வையில் கொடுக்கும் மெதடோனையும் புப்ரெனோர்பினையும் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்ததும் அதே அமைப்புத்தான். பக்கத்து இந்தியாவில் ஊசி வழங்கல், மாற்று மருந்து ஆகிய இவ்விரண்டு வழிகளையும் எயிட்ஸ் தடுப்பு வேலையாக அரசாங்கமே நடத்துகிறது. நாமோ இன்னும் முள்வேலியைத் தாண்டி யோசிக்கவில்லை.

பதில் (சட்டத்தரணி, யாழ்ப்பாணம்)
போதைப்பொருளுக்கு அடிமையானோரின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒருவர் தானே விரும்பிச் சிகிச்சை பெறலாம். வைத்திய அறிக்கையின் பேரில் நீதவான் கட்டாயச் சிகிச்சைக்கு உத்தரவிடவும் முடியும். பொலிஸ் வழியாகப் போனால் இரண்டாவது பாதையில் தள்ளப்படும் வாய்ப்பே அதிகம், அங்கிருந்து திரும்புவது குடும்பத்தின் விருப்பத்தில் தங்கியிராது. கந்தகாட்டை நடத்தும் புனர்வாழ்வுப் பணியகத்துக்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என 2022இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்த பின்னரே அது திருத்தப்பட்டு 2023 ஜனவரியில் நிறைவேறியது என்பதையும் மாமா அறிந்திருப்பது நல்லது. போதைப்பொருள் பாவிப்போரை அடைத்து வைக்கும் கட்டாய நிலையங்களை மூடும்படி ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் 2012இல் கூட்டாகக் கோரியிருக்கின்றன.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. அவர்களுடைய வதிவிட நிலையங்கள் கண்டி, காலி போன்ற தூர இடங்களில் இருப்பதால், தமிழில் ஆலோசனை கிடைக்குமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் தம்பி வயதுவந்தவர் என்பதால், அவர் வாசித்து விளங்காத எந்தப் படிவத்திலும் அவருக்காக நீங்கள் கையொப்பமிட வேண்டாம்.