கோல்ட் ரிவால்வரின் மரப்பிடி: அடையாளம் காண உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு அருகே இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் முன்னோர் வழி வந்த கோல்ட் 1851 நேவி ரிவால்வர் ஒன்று இருக்கிறது. வெடிமருந்து அடைத்து, பின்னால் கேப் (அடித்தால் தீப்பொறி தரும் சிறு உலோக மூடி) மாட்டிச் சுடும் பழைய வகை. குண்டு அடைக்கும் சிலிண்டரைச் சுற்றி, மெக்சிகோ கரையோரம் நடந்த 1843 கம்பேச்சே கடற்போர்க் காட்சி இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

பிடிதான் விஷயம். நேவிக்கு வழக்கமாக வார்னிஷ் பூசிய வால்நட் பிடிதான் வரும். இது வெளிர் பழுப்பு மரம். வெளிச்சத்தில் சாய்த்தால் குறுக்கே பளபளவென்று கீற்றுகள் ஓடுகின்றன. பார்த்தால் ஓக் மாதிரிதான் இருக்கிறது. சார்ட்டர் ஓக் மரத்தில் செய்தது என்று அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்கிறார்கள். 1687-ல் ஆங்கிலேய அரசரின் ஆளுநர் ஆண்ட்ரோஸ் கையில் சிக்காமல் கனெக்டிகட் காலனியின் தன்னாட்சிச் சாசனத்தை ஒளித்துவைத்ததாகச் சொல்லப்படும் வெள்ளை ஓக் மரம் அது. 1856 ஆகஸ்ட் 21 புயலில் விழுந்தது. இந்த ரிவால்வர்களைத் தயாரித்த சாமுவேல் கோல்ட் தன் மகனுக்கு அந்த மரத்தில் தொட்டிலே செய்வித்தார். அதனால் இந்தக் கதையைச் சட்டென்று தள்ளிவிட மனம் வரவில்லை. ஆனால் அந்த மரத்தின் பெயரைச் சொல்லி விற்ற சாமான்களும் ஏராளம்.

மரம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: பிடியைச் சுரண்டாமல் வெள்ளை ஓக் என்று உறுதிசெய்ய முடியுமா? அப்புறம், பிடியின் உட்பக்கம் மங்கிய மசியில் எண்கள் இருக்கின்றன. கடைசி இரண்டும் ஃபிரேமில் (துப்பாக்கியின் உலோக உடலில்) உள்ள எண்ணோடு பொருந்துகின்றன. மீதியைப் படிக்கப் புறஊதா விளக்கு உதவுமா? பெரியவர் இதை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நினைக்கிறார். அதற்கு முன் என்னென்ன பழைய குடும்பக் கடிதங்கள், ரசீதுகளைத் தேடி எடுத்து வைப்பது என்றும் சொன்னால் பெரிய உதவி.