முந்திரி வாய்பாடு சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்களா?

அனைவருக்கும் வணக்கம். போடி பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போன சனிக்கிழமை தஞ்சாவூரில் ஒரு கருத்தரங்கு. இரவெல்லாம் பஸ்ஸில் தூக்கமில்லை, காலை அமர்வில் பாதி மனதில் ஏறவில்லை. மதியம் ஒரு பேராசிரியர் பழைய எண்சுவடி (அந்தக் காலக் கணக்கு வாய்பாட்டுச் சுவடி) ஓலை ஒன்றைக் காட்டினார். ஓரமெல்லாம் கறுத்து, கயிறு கோக்கும் துளை கிழிந்திருந்தது. அதில் இருந்தது பழைய தமிழ்ப் பின்னக் கணக்கு. முந்திரி என்றால் 1/320. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். பின்னம் என்றாலே மிரளும் என் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று அங்கேயே தோன்றிவிட்டது.

மாலையில் பெரிய கோயிலுக்குப் போனேன். ராஜராஜன் கல்வெட்டுகளில் நிலத்தை வேலி, மா, காணி என்றுதான் அளந்து வெட்டியிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிக்கொண்டே நின்றதில் ஊர் பஸ் போய்விட்டது.

சரி, கேட்க வந்தது இதுதான். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி யாருக்காவது முந்திரி வாய்பாடு ராகத்தோடு சொல்ல வருமா? இரண்டு நிமிடம் செல்போனில் பதிவு செய்து அனுப்புங்கள். அப்புறம், பரணில் எண்சுவடி கிடந்தால் துடைக்க வேண்டாம், ஓலை நொறுங்கிவிடும். அப்படியே ஒரு போட்டோ போதும். அடுத்த மாதம் பின்னம் தொடங்குகிறேன், அதற்குள் கிடைத்தால் பெரிய உதவி.