150-600 லென்ஸ்ல கொக்கு சுண்ணாம்பு மாதிரி வருது, ஷட்டரா ஐஎஸ்ஓவா எதை விட்டுக்குடுக்கிறது?

வெள்ளவத்தைப்பொடியன்:
போன மாசம் செகண்ட் ஹாண்டில ஒரு 150-600 எடுத்தனான், கெமரா கிராப் சென்சார். ஞாயிறு விடிய தலங்கம குளத்துக்குப் போய் 400 படம் அடிச்சிருப்பன், தேறினது நாலோ அஞ்சோ. 600ல வச்சு 1/500, எஃப் 6.3, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) ஆட்டோ, 800 கிட்ட நிண்டது. பறந்த கூழைக்கடாட செட்டை கலங்கிப்போச்சு, சும்மா இருந்த மீன்கொத்தியே சொஃப்ட், கொக்குக்கு இறகே தெரியேல்ல. ஷட்டரைக் கூட்டினா மணல் மணலா வருது. என்ன செய்யிறது அண்ணாமார்?

குளக்கட்டு:
தம்பி, மணலுக்குப் பயப்படாதீங்கோ. கிராப் எண்டா சின்ன சென்சார், அதில 600 எண்டா 900 மாதிரி, கை நடுக்கத்துக்கே 1/1000 கிட்ட வேணும், பறக்கிறதுக்கு 1/2000. 1/500ல இருந்து அங்க போனா ரெண்டு ஸ்டொப் வெளிச்சம், அதாவது நாலில மூண்டு பங்கு, போகுது, லென்ஸ் 6.3க்கு மேல திறக்காது, அப்ப ஐஎஸ்ஓதான் 3200க்கு ஏறவேணும், வேற வழியில்ல. ரோவில (கெமரா திருத்தாத ஃபைல்) எடுத்தா மணலைப் பிறகு குறைக்கலாம், கலங்கினதை ஒண்டும் செய்யேலாது.

சதுப்புநிலம்:
இருக்கிற மீன்கொத்திக்கு 1/2000 என்னத்துக்கு? கை நடுக்கத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசரைப் போட்டுட்டு 1/320ல பத்து ஷொட் தொடர்ந்து அடிங்க, ஒண்டாவது ஷார்ப்பா வரும். பத்து மணிக்குப் பிறகு தூரத்துப் பறவைய விட்டுருங்க, தண்ணிக்கு மேல கானல் ஆடும், எந்த செட்டிங்கும் சரிவராது. கொழும்புக்கு 2018ல ராம்சார் ஈரநில நகரம் எண்டு பேர் கிடைச்சது சும்மாவா, பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்களில கிட்டயே பறவை இருக்கு.

நீர்க்காகம்:
கொக்கு சுண்ணாம்பா வாறதுக்குக் காரணம் ஆட்டோ ஐஎஸ்ஓதான். பின்னால இருட்டுத் தண்ணி, கெமரா அதைப் பாத்து வெளிச்சத்தைக் கூட்டுது, வெள்ளை எரியுது. அதே கொக்கு எழும்பி வானத்துக்குப் போனா இப்ப கறுத்துப்போகும், ஆனா அதில விழுற வெயில் மாறேல்லயே! வெயில் ஒரே மாதிரி எண்டா ஐஎஸ்ஓவையும் பூட்டுங்கோ. முகில் வந்து போற நாளில மட்டும் ஆட்டோ, கொக்குக்கு கொம்பன்சேஷன் (கெமரா கணிக்கிற வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது) மைனஸ் 1, வானத்தில நீர்க்காகத்துக்கு பிளஸ் 1.

வெள்ளவத்தைப்பொடியன்:
என்ட கெமரா பழசு அண்ணா, மெனுவல்ல கொம்பன்சேஷன் வேலை செய்யுதில்ல 😭

நீர்க்காகம்:
நல்லதாப்போச்சு. ஷட்டரை வச்சுட்டு வெயில்ல நிக்கிற கொக்கை ஒண்டு அடிச்சுப் பாருங்கோ, ஸ்கிரீன்ல வெள்ளை மினுங்கினா (எரிஞ்ச இடத்தைக் காட்டுற எச்சரிக்கை) ஐஎஸ்ஓவை இறக்குங்கோ, மினுங்கல் நிண்டதும் அதிலயே விடுங்கோ. நிழலுக்குப் போனா திருப்பி.

வெள்ளவத்தைப்பொடியன்:
சரி, போயா லீவுக்குப் பேர வாவியில கூழைக்கடாவில பழகிப் பாக்கிறன்.

குளக்கட்டு:
அங்க 600 வேண்டாம் தம்பி, கூழைக்கடாட சொண்டு மட்டுமே தெரியும். 300க்கு இறங்குங்கோ, அப்பர்ச்சரும் கொஞ்சம் திறக்கும்.